கடைசிக் குழாயில் மஞ்சள் நிறம்

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்டப்போகிறார்கள் என்ற சேதி பரவியதிலிருந்து எங்கள் ஊர்ப் பெயர் எங்கெங்கோ போய்விட்டது. நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. அந்த மலையடிவாரத்து ஊர்களில் நாலு காலில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றியும், அவற்றில் தினமும் ஏறி இறங்கிய ஆட்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொள்ளை நோய் வந்த காலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் டாக்டரை எழுதுகிறார்கள், கலெக்டரை எழுதுகிறார்கள். தண்ணீர் திறந்துவிடுகிற ஆளை எழுதுவதில்லை. அவர் இல்லாமல் அந்தக் காலங்களை நாங்கள் கடந்து வந்திருக்க முடியாது.

போடியைச் சுற்றிய இந்தப் பூமி மழை மறைவுப் பிரதேசம். மேலே ஏலத்தோட்டத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கீழே எங்களுக்கு மேகம் மட்டும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் கிணற்றுக்குத் தண்ணீர். அதனால் அந்தக் காலத்தில் ஒரே கிணறு குடிக்கவும் குளிக்கவும் மாட்டுக்கும் ஆகிப்போகும். அதோடு, ஆட்கள் நடமாட்டமும் இங்கே எப்போதும் ஜாஸ்தி. காப்பிக்கும் தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலையேறுகிற கூலி ஜனம், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வந்து ரோப்வே வழியாகக் கொட்டக்குடிப் பக்கம் இறங்கிய தேயிலையைப் போடிக்கு ஏற்றிவந்த வண்டிக்காரர்கள், 1928-க்குப் பிறகு மதுரையிலிருந்து ரயிலில் வந்திறங்கியவர்கள். ஆள் போகிற பாதையில்தான் காலராவும் போகும். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த பெரியாறு அணை வேலையில் மலேரியாவும் காலராவும் கொண்டுபோன உயிர்கள் கொஞ்சமல்ல. அதற்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, பட்டினியோடு காலராவும் சேர்ந்து சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டது.

என் அப்பத்தா இரண்டு நோயைப் பற்றிச் சொல்லும். ஒன்று எலி விழுந்து வரும் நோய். கம்பம் பள்ளத்தாக்கில் 1920-களிலும் 30-களிலும் பிளேக் விடாமல் இருந்தது. அதை ஆராய்ந்து ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் 1934-ல் அறிக்கையே வெளியிட்டார்கள். எலி விழுந்தால் ஊரைக் காலிபண்ணிக்கொண்டு தோட்டத்தில் குடிசை போட்டு இருப்பார்கள். இன்னொன்று வாந்திபேதி. அதற்கு ஊரைக் காலிபண்ணிப் பிரயோஜனமில்லை. "தண்ணி எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுதானப்பா போய் உக்காரணும். அது அங்கயும் வந்து நின்னுச்சு" என்று சொல்லும். ஒரு வரி எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை சொன்னதுதான் காலராவின் மொத்தப் பாடமும்.

1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் குளத்துத் தண்ணீரிலேயே எடுத்துக் காட்டினார். அதற்கப்புறமும் தண்ணீரால்தான் நோய் வருகிறது என்பதை ஒத்துக்கொள்ள இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலருக்கு மனசு வரவில்லை. காற்று, மண், பருவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒத்துக்கொண்டால் குழாய் போட வேண்டும், வடிகட்டி கட்ட வேண்டும், காசு செலவழிக்க வேண்டும் அல்லவா? 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. அதே ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊரான ஆல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு தெருதான் எல்லை. சென்னைப் பட்டணத்துக்கே 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்தாலும், கீழ்ப்பாக்கத்தில் முறையான மணல் வடிகட்டிகள் வந்து சேர 1914 ஆயிற்று.

எங்களைப் போன்ற பட்டிக்காடுகளுக்கு வந்தது சிவப்பு மருந்து. ஆக்ராவில் ரசாயனப் பரிசோதகராக இருந்த ஹாங்கின் என்பவர் 1890-களில் கிணற்றில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். காலரா வந்த ஊருக்கு ஆள் வந்து கிணற்றில் கலப்பார். தண்ணீர் ரோஸ் நிறமாகும். சர்க்கார் கிணற்றில் என்னத்தையோ போடுகிறது என்று ஜனங்கள் பயந்தார்கள், பல ஊரில் மறித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நோய் வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கிற, முன்னப்பின்ன தெரியாத ஒருவன் குடிக்கிற தண்ணீரில் நிறத்தைக் கரைத்தால் யாருக்குத்தான் பயம் வராது? மருந்தின் திறனைப் பற்றியும் பின்னால் சந்தேகம் வந்தது. பிளீச்சிங் பவுடர் அதன் இடத்தைப் பிடித்தது. இங்கிலாந்தில் 1897-ல் மெய்ட்ஸ்டோன் நகரில் டைபாய்டு வந்தபோது குழாய்களை இதைக் கொண்டுதான் சுத்தம் செய்தார்கள். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் டாக்டர் லீல் ஊர் முழுவதற்கும் போகிற தண்ணீரில் தினப்படி கலக்க ஆரம்பித்தார். நோய் வந்தபின் போடுவது என்பது போய், வராமல் இருக்க அன்றாடம் போடுவது என்று ஆனது அப்போதுதான். அன்றாடம் போட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு ஆள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

அந்த ஆளுக்குச் சட்டத்தில் இடம் உண்டானது 1939-ல். சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். 1920-களில் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறையும், அதற்கு இயக்குநராக ஏ.ஜே.எச். ரஸ்ஸலும் இருந்தார்கள். காலரா எந்த மாதத்தில் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று கணக்கெடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர் ரஸ்ஸல். அந்த அனுபவமெல்லாம் சட்டத்தில் இறங்கியிருக்கிறது. நல்ல குடிநீர் கிடைக்க ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்கிறது. கெட்ட கிணற்றை மூடச் சொல்லும் அதிகாரத்தைச் சுகாதார அதிகாரிக்குத் தருகிறது. திருவிழாக்களுக்கு என்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றங்கரையில் ராப்பகலாகக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி ஏன் தேவை என்று விளங்கும். சர்வீஸில் இருந்தபோது நான் அதிகம் புரட்டிய புத்தகம் அந்தச் சட்டம்தான்.

சட்டம் வந்ததும் தொட்டி வந்துவிடவில்லை. கிணறு, அப்புறம் போர், அதன் தலையில் அடிபம்பு, அப்புறம் மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. 1971-ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஏற்பட்ட பிறகு வேகம் பிடித்தது. வாரியம் கட்டிக் கொடுக்கும், ஊராட்சி நடத்தும். நடத்துவது என்றால் என்ன? காலையில் மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுவது, தொட்டி நிறைவதைப் பார்ப்பது, மருந்து போடுவது, தெரு வாரியாக வால்வைத் திறப்பது, மூடுவது, எங்கே கசிகிறது என்று குழி தோண்டிப் பார்ப்பது, மாதம் இரண்டு தடவை தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவித் தூணில் தேதி எழுதுவது. இத்தனைக்கும் ஒரே ஆள். காகிதத்தில் தொட்டி இயக்குபவர், ஊரில் தண்ணிக்காரர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மருந்து போடக் கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒருவர்தான். புத்தகத்தில் நான் படித்திருந்தேன்: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். என்னிடம் கணக்கு இருந்தது, தராசு இல்லை. அவர் ஒரு பழைய தகர டப்பாவில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தார். அந்தக் கோடு வரை பவுடர், சின்ன டம்ளர் அளவுதான். பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்தார். பிறகு முக்கால் வாளி ஊற்றிக் குச்சியால் கலக்கினார். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தும் கண்ணில் நீர் வழிந்தது. "இப்ப தொடாதீங்க சார், சுண்ணாம்பு அடியில உக்காரட்டும்" என்றார். கால் மணி நேரம் போல் நிழலில் வைத்தார். மேலே தெளிந்து நின்ற தண்ணீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிற்றைக் கட்டி, இரும்பு ஏணியில் ஏறி மேலே இழுத்து, பாதி நிறைந்திருந்த தொட்டியில் சுற்றி ஊற்றினார். அடியில் தங்கிய வண்டலைத் தொட்டிக்குள் விட்டால் குழாயடியில் தண்ணீர் வெள்ளையாக வரும், ஜனங்கள் பிடிக்க மாட்டார்கள். ஊற்றியவுடன் திறக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் டீ குடிப்பார்.

"ஏண்ணே, இன்னைக்குக் கோட்டுக்கு மேல போட்டீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "மூட்டை பிரிச்சு நாளாச்சு சார். வாசம் கொறைஞ்சு போச்சு. அப்ப வீரியமும் கொறைஞ்சிருக்கும்ல" என்றார். புதுப் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு வரை குளோரின் இருக்கும். வாய் திறந்து கிடந்தால், ஈரம் பட்டால், வெயில் பட்டால் நாளுக்கு நாள் செத்துப்போகும். ஆய்வகத்தில் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் மூக்கால் கண்டுபிடித்தார்.

போட்டால் போதாது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். என் சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்தும் எப்போதும் இருக்கும். குழாய்த் தண்ணீரில் சொட்டு விட்டால் குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சள் பிடிக்கும். லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்தால் நிம்மதி; 0.2-க்குக் கீழே போகக் கூடாது. இந்தச் சோதனையை எங்கே செய்ய வேண்டும்? தொட்டிக்குப் பக்கத்தில் செய்தால் மஞ்சள் நன்றாகவே வரும், அதில் அர்த்தமில்லை. வழியெல்லாம் குழாயில் இருக்கும் அழுக்கோடு சண்டை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆகவே கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஊர்களில் கடைசிக் குழாய் பெரும்பாலும் காலனித் தெருவில்தான் இருந்தது. குழாய் போடும்போது தொட்டி ஊருக்கு நடுவில், குழாய்வரிசை ஊர்த் தெருக்களைச் சுற்றி, மிச்சம் மீதி காலனிக்கு. தண்ணீரும் அப்படியே: மற்றவர்கள் பிடித்து முடித்தபின் வரும் சன்னமான தண்ணீர். அழுத்தம் குறைந்த குழாயில்தான் சாக்கடை உள்ளே இழுபடும். வாந்திபேதி முதலில் தலைகாட்டுகிற இடமும் அதுவாகவே இருக்கும். அப்போது ஊரார், 'அவங்க சுத்தபத்தமா இருக்கிறதில்லை' என்பார்கள். என் பையில் இருந்த கண்ணாடிக் குழாய்க்குச் சாதி தெரியாது. அங்கே அது வெள்ளையாகவே நின்றது. குற்றம் குழாயில் இருந்தது, குடித்தவர்களிடம் இல்லை. சுகாதார விதிப்படி என் முதல் வேலை காலனித் தெருவில் தொடங்க வேண்டும் என்பதை நான் கடைசிவரை விடவில்லை. சில ஊர்களில் அதற்காக முகம் சுளித்தார்கள். நான் சொன்ன தண்ணிக்காரர் ஒருபடி மேலே போனார். வால்வு திறக்கிற வரிசையையே மாற்றி, வாரத்தில் பாதி நாள் காலனிக்கு முதலில் திறந்தார். ஊரில் பேச்சு வாங்கினார். "கடைசித் தெருவுக்கு மருந்து போய்ச் சேரலைன்னா நான் ஏணி ஏறினதே வீண் சார்" என்பார்.

பருப்பு வேகவில்லை, டீ மருந்து வாடை அடிக்கிறது, நெல்லுச்சோறு கெட்டுப்போகிறது என்று வாராவாரம் புகார் வரும். பாதி ஊர்களில் அந்தப் புகாருக்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். பதிவேட்டில் மட்டும் போட்டதாக எழுதுவார்கள். வாடை வந்தால்தான் தண்ணீர் யோக்கியம் என்று வீடுவீடாகச் சொல்வது என் வேலையாக இருந்தது. ஒரு பாட்டி, "ஏப்பா, அந்த வாசம் வரலைன்னா நான் வடிகட்டாமக் குடிக்க மாட்டேன்" என்று சொல்கிற அளவுக்கு வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை திட்டும் வாங்கலாம்.

1992 அக்டோபரில் சென்னையில் ஒரு புதுக் காலரா கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை கொள்ளைநோயாய்ப் பரவியது O1 என்ற வகை மட்டுமே, இது O139. சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விட்டது. பழைய வகைக்குப் பழகிய உடம்பு இதைத் தாங்கவில்லை. வழக்கமாகப் பிள்ளைகளைப் பிடிப்பது, பெரியவர்களையும் பிடித்தது. காலரா ஊசி என்று திருவிழாவுக்குத் திருவிழா நாங்கள் ஒரு காலத்தில் குத்திய ஊசி பாதிப் பேரைக்கூடச் சரியாகக் காப்பாற்றாது என்று எப்போதோ தெரிந்துபோய் நின்றுவிட்டிருந்தது. எங்களுக்கு வந்த உத்தரவு சுருக்கமானது: குளோரின், குளோரின், குளோரின், உப்புச் சர்க்கரைக் கரைசல். புது வகையோ பழைய வகையோ, குளோரினுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த மாதங்களில் மலையடிவாரத்துத் தண்ணிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட ஏணியை விட்டு இறங்கவில்லை. எனக்குத் தெரிய, ஒரு நாளும் ஒருவரையும் யாரும் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் வந்தது 2020. நான் ஓய்வு பெற்று ஊரில் இருந்தேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு. போடிமெட்டில் சோதனைச் சாவடி மூடியது. விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற ஜனம் வீட்டில் முடங்கியது. ஏல விற்பனை நின்றது. வீரபாண்டித் திருவிழா நின்றது. கொரோனா தண்ணீரில் பரவுகிற நோய் இல்லை. ஆனாலும் அன்று எங்கள் பக்கம் மிகவும் அவசரமாகத் தேவைப்பட்ட ஆள் தண்ணிக்காரர்தான். யோசித்துப் பாருங்கள்: பகலெல்லாம் மலையில் இருக்கிறவர்கள் மொத்தப் பேரும் வீட்டில். இருபது விநாடி கை கழுவு என்கிறார்கள், வெளியே போய் வந்தால் குளி, துணியை அலசு என்கிறார்கள். அதுவோ கோடை. கிராமத்தில் ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர் என்று பழைய கணக்கில் கட்டிய தொட்டி. ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டர் என்று அளவை உயர்த்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்து இளவட்டத் தண்ணிக்காரர் ஒருவர் செய்ததை நேரில் பார்த்தேன். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் குழாயடியில் கூட்டம் சேரும் என்று, தெரு தெருவாக நேரம் பிரித்தார். ஒரு நாளைக்கு ஒரு தடவை மோட்டார் போட்டவர் இரண்டு தடவை போட்டார். குழாயடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் குடம் வைக்கச் சொன்னார். தனிமைப்படுத்திய வீடுகளின் வாசலில் டிரம்மை வைக்கச் சொல்லி ஓஸ் போட்டு நிரப்பினார். அவருக்குக் கொடுத்த கவசம் ஒரு துணி மாஸ்க். சம்பளம் சொற்பம், வீட்டில் கைக்குழந்தை. "பயமா இல்லையா தம்பி?" என்றேன். "தண்ணியை நிறுத்தினா அவங்க வெளிய வருவாங்கள்ல சார்" என்றார்.

அந்த நாட்களில் என்னை வேதனைப்படுத்திய காரியம் ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெருவில் அடித்தார்கள், வாசலில் கோடு கோடாகத் தூவினார்கள். ஜனங்களுக்கும் அதுதான் வேலை நடப்பதாகத் தெரிந்தது. மண்ணிலும் தூசியிலும் குளோரின் நொடியில் வீணாகும். திறந்த வெளியில் மருந்து தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொன்னது. ஒரு ஊரில் தொட்டிக்கு என்று வைத்திருந்த மூட்டையையும் தெருவுக்கு அடித்து முடித்துவிட்டார்கள். தண்ணிக்காரர் வெறும் வாளியோடு நின்றார். நான் போனைப் போட்டு, கெஞ்சி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பை வரவழைக்க வேண்டியிருந்தது. கொரோனாவுக்குப் பயந்த ஊர் அந்தக் கோடையில் வாந்திபேதியில் விழுந்திருந்தால், ஏற்கெனவே நிரம்பி வழிந்த ஆஸ்பத்திரியில் யார் பார்த்திருப்பார்கள்? அதே வருஷம் செப்டம்பரில் மாஸ்க் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்று வந்த அவசரச் சட்டம், அந்த 1939-ஆம் வருஷத்துச் சட்டத்தில் செய்த திருத்தம்தான். அபராதம் எல்லோருக்கும் தெரிந்தது. அதே சட்டம் தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாரும் புரட்டவில்லை.

கொரோனாவின் கெடுபிடி தணிந்த 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்தது. பழைய குழாய்களில் கசிவு. நூற்றுக்கணக்கானவர்கள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புதுச்சேரி அரசு சுகாதார அவசர நிலையை அறிவித்தது, பள்ளி கல்லூரிகளை மூடியது. அதே வருஷம் டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டியின் மூடிக்கு ஒரு பூட்டும், தினமும் ஏறிப் பார்க்க ஊர் நம்புகிற ஒரு ஆளும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ஏணியில் ஏறியவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்காவது தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்துப் பெட்டி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. அன்று நான் ஒருவன் பையில் வைத்துக்கொண்டு அலைந்ததை இன்று ஊர்ப் பெண்களே செய்யலாம். ஒரு ஊரில் பெட்டி வாங்கியவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து பேரும் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். கடைசிக் குழாய்த் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. அந்தத் தெருவில் பத்தாவது முடித்த இரண்டு பெண் பிள்ளைகளிடம் பேசி வைத்திருக்கிறேன். சொட்டு மருந்து எப்படி விடுவது என்று என் பழைய கண்ணாடிக் குழாயை வைத்தே சொல்லிக் கொடுத்தாயிற்று. மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து தண்ணிக்காரருடையது.